பழைய போட் எஞ்சினின் கால் நீளமும் மரப்படகும்: எந்தக் கோளாறுக்கு எதைப் பார்ப்பது

பழைய அவுட்போட் எஞ்சின் (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) ஒன்றை மரப்படகில் மாட்டி அது சரியாக இழுக்காமல் போனால், நம் பக்கத்தில் முதலில் கழற்றப்படுவது காபரேட்டர்தான். தயவுசெய்து அதில் கை வைக்கும் முன் அளவு டேப்பை எடுங்கள். எஞ்சினின் கால் நீளமும், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியின் நீளமும், அது மாட்டப்படும் படகின் பின்பலகை உயரமும் ஒத்துப்போகாவிட்டால் காபரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் படகு அப்படியேதான் போகும். இலங்கை மலையகத்தில் காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, கிரகரி வாவி என்று எந்தத் தண்ணீரில் ஓட்டினாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். ஆனால் மலையில் ஓட்டும்போது இன்னொரு விஷயம் இதோடு கலந்து ஆளைக் குழப்பும், அதையும் கீழே சொல்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்: பழைய எஞ்சினில் இரும்பை மாற்றப் போகாதீர்கள், மரத்தை மாற்றுங்கள். மரத்தை வெட்டலாம், ஒட்டலாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு மறுபடி செய்யலாம். ஐம்பது அறுபது வருஷத்து எஞ்சினின் காலுக்குள் சுழலும் ஷாஃப்ட் ஒருமுறை கெட்டால் அதே அளவில் இன்னொன்று தேடிப் பிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

முதலில் அளவு

எஞ்சினில் அளக்க வேண்டியது, அதைப் பலகையில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் உள்பக்க மேல்வளைவிலிருந்து, அதாவது பின்பலகையின் தலையில் வந்து உட்காரும் இடத்திலிருந்து, புரொப்பெலருக்கு நேர் மேலே படுக்கையாக நீட்டிக்கொண்டிருக்கும் கவிட்டேஷன் பிளேட் வரை. புரொப்பெலரின் நடு வரைக்கும் அளந்துவிட்டு “22 அங்குலம் வருது, இது நீளக் கால்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் குட்டைக் காலாகத்தான் இருக்கும். பிளேட் வரை 15 அங்குலத்தைச் சுற்றி வந்தால் குட்டை, 20ஐச் சுற்றி வந்தால் நீளம். 25 அங்குலக் காலும் உண்டு, அது நம் சின்ன மரப்படகுக்கு வேண்டாம். பழைய எஞ்சின்களில் அளவு அரை, ஒரு அங்குலம் முன்பின்னாகத்தான் இருக்கும், அதனால் மூடியில் ஒட்டியிருக்கும் எஸ் (குட்டை), எல் (நீளம்) எழுத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கைமாறிக் கைமாறி வந்த எஞ்சினில் மேல்பாதி ஒரு வருஷத்தையது, கால் இன்னொன்றுடையது என்று இருப்பது சாதாரணம். எண்ணுக்கும் எழுத்துக்கும் மேலே டேப் சொல்வதுதான் கணக்கு.

படகில் அளப்பது பின்பலகையின் நடுத் தலையிலிருந்து அடிவரை, நேர் செங்குத்தாக. பின்பலகை சாய்வாக இருந்தால் அந்தச் சாய்வோடு டேப்பை ஓட்டாதீர்கள், அளவு கூடிவிடும். படகைக் கட்டைகள்மேல் மட்டமாக வைத்து, அடியில் ஒரு நேரான சட்டத்தைப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்படி ஒட்டிப் பிடித்து, பலகைத் தலை உயரத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டால் சட்டத்தில் எங்கே தொடுகிறதோ அதுதான் உயரம். 15 அங்குலத்தை ஒட்டி வந்தால் குட்டைக் கால், 20ஐ ஒட்டி வந்தால் நீளக் கால்.

மாட்டியபின் பிளேட் படகின் அடிமட்டத்திலோ அதற்கு ஒரு அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். ஆள் ஏற்றி மெதுவாகப் போகும் கனமான படகென்றால் இரண்டு அங்குலம் கீழே இருந்தாலும் பரவாயில்லை. பழைய சீகல் எஞ்சின் போல பிளேட்டே இல்லாதது என்றால், புரொப்பெலரின் மேல் இதழ் படகின் அடிமட்டத்துக்குக் கீழே இரண்டு அங்குலமாவது முழுகி நிற்கிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை, பின்னால் வெள்ளை நுரை

கால் குட்டையாக இருக்கிறது என்பதற்கு முதல் அடையாளம் இதுதான். புரொப்பெலர் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கிட்டே சுற்றும்போது மேலிருந்து காற்றை இழுத்துக்கொள்கிறது, காற்றும் தண்ணீரும் கலந்த நுரைக்குள் இதழுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை, பாரம் போய்விட்டதால் எஞ்சின் தலைதெறிக்கச் சுற்றுகிறது. பழைய எஞ்சினில் அதைக் கட்டுப்படுத்த எதுவும் கிடையாது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் பேரிங், கனெக்டிங் ராட் எல்லாம் அடி வாங்கும். சத்தம் எகிறியவுடன் துரொட்டிலைக் குறையுங்கள்.

அளந்து பாருங்கள். பிளேட் படகின் அடிக்கு மேலே நின்றால் விடை கிடைத்துவிட்டது. ஆனால் பிளேட் சரியான இடத்தில் இருந்தும் எஞ்சின் இப்படியே கத்தினால் புரொப்பெலரின் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். பல பழைய ஜோன்சன், எவின்ரூட் எஞ்சின்களில் புரொப்பெலரின் நடுப்பகுதிக்கும் உள் குழாய்க்கும் நடுவில் ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும், வயசாகி அது விட்டுப்போயிருக்கும். உள் குழாயிலிருந்து வெளிப்பகுதி வரைக்கும் ஒரே கோடாகப் பெயின்ட் கொண்டு ஒரு கீறு போட்டு, காய்ந்தபின் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக உடைந்து ஒன்றுக்கொன்று விலகி நின்றால் கோளாறு புரொப்பெலரில், கால் நீளத்தில் இல்லை. பின்பலகையை அறுத்துக் குறைத்தபிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட முன்னாலேயே கண்டுபிடிப்பது நல்லது, அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது காரணம் மரப்படகுக்கே உரியது. நோர்வூட் பக்கத்தில் ஒரு படகு, அளவெல்லாம் சரி, பிளேட் அடிக்கு ஒரு அங்குலம் கீழே, புரொப்பெலர் புதுசு, ஆனாலும் பாதி வேகத்துக்கு மேல் நுரைதான். படகைக் கரையில் இழுத்துப் புரட்டினோம். அடியில் ஓடும் நடுக்கட்டை நல்ல தடிமன், பின்பலகை வரைக்கும் அதே கனத்தில் வந்து சதுரமாக வெட்டி நிறுத்தப்பட்டிருந்தது. அதன் முனையில் விளிம்பு செங்கல் மூலை போலக் கூர்மையாக இருந்தது. படகுக்காரத் தம்பி தச்சு பாஸிடம், “அண்ணே, எஞ்சினை இன்னும் கீழ இறக்கிப் பாப்போமா?” என்று கேட்டார். பாஸ் விரலால் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே, “வேணாம் தம்பி, தண்ணி கட்டையிலயே கிழிஞ்சுதான் வருது, கட்டையச் சீவுவோம்” என்றார். பின்பலகைக்கு ஒரு அடி முன்னாலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும், அடிப்பக்கமும் மெலிந்து வரும்படி சீவி, திறந்த மரத்துக்கு எண்ணெயும் பெயின்டும் கொடுத்தோம். நுரை போய்விட்டது. கட்டையைத் தாண்டி வரும் தண்ணீர் சுழித்துக் காற்றோடு கலந்துபோனால் புரொப்பெலர் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் அதற்குக் கிடைப்பது நுரைத் தண்ணீர்தான். சீவும் முன் உள்ளே ஆணி, போல்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், நீர்க்கசிவு வராதபடி எவ்வளவு சீவலாம் என்பதை மரவேலை தெரிந்தவர் சொல்லட்டும்.

திரும்பும்போது மட்டும், அல்லது அலை வந்தால் மட்டும் கத்துகிறது

இது எல்லைக்கோட்டில் நிற்கும் அளவு. நேராகப் போகும்போது போதுமான ஆழம், படகு ஒரு பக்கம் சாயும்போது போதவில்லை. அரை அங்குலம், முக்கால் அங்குலம் இறக்கினால் சரியாகிவிடும். பின்பலகைத் தலையை அந்த அளவுக்குச் சீவலாம், அல்லது ஆட்கள் உட்காரும் இடத்தை மாற்றலாம். முன்பக்கம் இரண்டு பேர் போய் உட்கார்ந்தால் பின்பக்கம் எழும்பும், அதோடு புரொப்பெலரும் எழும்பும். பின்னேரத்தில் பள்ளத்தாக்கு வழியே காற்று இறங்கி நீர்த்தேக்கத்தில் சிற்றலை எழும் நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். விடியக்காலையில் கண்ணாடி போல இருக்கும் தண்ணீரில் எந்த எஞ்சினும் நன்றாகத்தான் ஓடும்.

படகு கனக்கிறது, பின்பலகையில் தண்ணீர் ஏறுகிறது, மெதுவாக விட்டால் எஞ்சின் அணைகிறது

இது எதிர்ப்பக்கம்: 15 அங்குலப் பலகையில் 20 அங்குலக் கால். பிளேட் ஐந்து அங்குலம் கீழே தொங்குகிறது. காலின் தடிமனான பகுதி தண்ணீருக்குள் உழுதுகொண்டு போவதால் வேகம் குறையும், தண்ணீர் காலைப் பிடித்து மேலேறி பலகை வழியாக உள்ளே தெறிக்கும், ஹேண்டில் கையில் கனக்கும். பலர் கவனிக்காத ஒன்று: காலின் பின்பக்கம் மேலே சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும், மெதுவாக ஓடும்போது புகை அதன் வழியாகத்தான் வெளியேறும். படகு பாரம் ஏறிப் பின்பக்கம் அமுங்கி, எஞ்சினும் தாழ்ந்து, அந்த ஓட்டை தண்ணீருக்குள் போய்விட்டால் புகைக்கு வழியில்லை. கயிற்றை இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகும், மெதுவாக விட்டால் நின்றுவிடும், துரொட்டிலைக் கொடுத்தால் ஓடும். ஆட்கள் காபரேட்டரைக் கழற்றுவது இங்கேதான். ஆளில்லாத படகில் சரியாக நின்று ஓடி, நாலு பேர் ஏறியதும் அணைந்தால் அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள்.

மவுசாகலையில் நீளக் காலுக்கு இன்னொரு தொல்லை உண்டு. 1969இல் அணை கட்டித் தண்ணீர் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் அப்படியே உள்ளே போனது. மழை குறைந்து மட்டம் இறங்கும் மாதங்களில் பழைய கோயில் கட்டடம் வெளியே தெரிவதை எல்லாரும் பார்த்திருப்போம். வெளியே தெரிவதைப் பற்றிப் பயமில்லை, சுற்றிப் போய்விடலாம். ஒரு முழம் தண்ணீருக்குக் கீழே மறைந்திருக்கும் சுவர், படிக்கட்டு, மரக்கட்டை, இதுகள்தான் காலைப் பதம் பார்ப்பவை. ஐந்து அங்குலம் கூடத் தொங்கும் கால் இதில் முதலில் போய் இடிக்கும். காசல்ரீயிலும் மட்டம் இறங்கினால் கரையோரம் இதே கதைதான்.

அதனால் ஷியர் பின் பற்றி இங்கேயே சொல்கிறேன். புரொப்பெலரை ஷாஃப்டோடு பிணைக்கும் அந்தச் சின்னப் பின் இருப்பது, இடிபட்டால் உடைந்து கியரைக் காப்பாற்றுவதற்குத்தான். கையில் அது இல்லாதபோது தடித்த இரும்பாணியை அறுத்துப் போட்டுவிட்டு “இனி உடையாது” என்று சந்தோஷப்படுவதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. பின் உடையாவிட்டால் அடுத்து உடைவது கியர்ப் பல். சரியான அளவில், சரியான உலோகத்தில் நாலைந்து பின்னும் கொட்டர் பின்னும் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு, குறடோடு சேர்த்துப் படகிலேயே வைத்திருங்கள். சீகல் எஞ்சினில் பின்னுக்குப் பதில் புரொப்பெலரைச் சுழற்றுவது ஒரு ஸ்பிரிங், அது சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

சரி, இந்த நீளக் காலுக்கு என்ன வைத்தியம்? பின்பலகையை உயர்த்துவதுதான். முதலில் ஒரு அங்குலக் கட்டையைப் பலகைத் தலையில் வைத்து எஞ்சினை ஏற்றி ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் ஏற்றுவதாக இருந்தால் கட்டையைச் சும்மா வைக்கக்கூடாது. கிளாம்பின் திருகு உறுதியான மரத்தைப் பிடிக்காமல் வெறும் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் எஞ்சின் தண்ணீருக்குள் போய்விடும். உயரத்தைக் கண்டுபிடித்தபின் நிரந்தரமாகச் செய்யுங்கள்: 18 மில்லிமீட்டர் மரீன் பிளைவுட் இரண்டு பலகையை எப்பொக்சி போட்டு ஒட்டி, பழைய பலகையின் உள்பக்கம் நன்றாகக் கீழ்வரை இறக்கி, துருப்பிடிக்காத போல்டை அகலமான வாஷரோடு முழுவதும் ஊடுருவி இறுக்கி, இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடுங்கள். எஞ்சினை உயர்த்தினால் நெம்பும் விசையும் கூடும், முட்டுக் கொடுக்காவிட்டால் பலகையின் அடியில் வெடிப்பு விடும். ஹல்மில்ல, தேக்கு போன்ற மரம் கிடைத்தால் நல்லது. தோட்டத்துச் சவுக்கு (கிரவிலியா) பலகை மலிவாகக் கைக்குக் கிடைக்கும், ஆனால் ஈரத்தில் சீக்கிரம் உளுத்துப்போகும், அதை எஞ்சின் தாங்கப் போடாதீர்கள்.

குட்டைக் காலும் உயரமான பலகையும்: அறுக்கலாமா?

இதில் நான் கொஞ்சம் கறார். பின்பலகையை நடுவில் ஐந்து அங்குலம் வெட்டி இறக்கினால் எஞ்சின் சரியாக உட்காரும், உண்மைதான், ஆனால் அதே வெட்டு வழியாகப் பின்னால் வரும் அலையும் உள்ளே வரும். வெட்டியே ஆகவேண்டும் என்றால் உள்ளே ஒரு தொட்டி போல அடைத்து, தண்ணீர் திரும்ப வெளியே வடியத் துளை விட்டுச் செய்ய வேண்டும். ஆள் ஏற்றும் படகில் அந்தத் தொட்டி இல்லாமல் வெட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அதைவிட, பின்பலகைக்கு வெளியே தாழ்வாக ஒரு பிராக்கெட் அடித்து அதில் எஞ்சினை மாட்டுவது பாதுகாப்பு. பலகையிலிருந்து ஒரு அடி பின்னால் தள்ளினால், வேகமாகப் போகும் படகில் தண்ணீர் அங்கே மேலெழும்பி வருவதால் எஞ்சினை ஒரு அங்குலம் அளவுக்கு உயர்த்தி வைக்கலாம், அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பின்னால் போனால் பாரமும் பின்னால் போகும், அதனால் எண்ணெய் டாங்கியை முன்னே நகர்த்துங்கள்.

லேத்தில் கொடுத்து ஷாஃப்டை வெட்டி நடுவில் துண்டு வைத்து வெல்டிங் பிடித்து நீட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கடினப்படுத்திய எஃகு, வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும், ஒரு இம்மி கோணல் இருந்தாலும் ஆட்டம் கொடுத்து சீல், பேரிங் எல்லாவற்றையும் தின்னும். அதுமட்டுமில்லை, நீட்ட வேண்டியது ஷாஃப்ட் மட்டுமல்ல: கியர் கம்பி, தண்ணீர்க் குழாய், நடுக் கூடு எல்லாம் சேர்ந்து நீள வேண்டும். அதே மொடலுக்கென்று செய்த ஐந்து அங்குல நீட்டிப்பு முழுசாகக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

மூக்கு வானத்தைப் பார்க்கிறது, அல்லது தண்ணீரில் குத்துகிறது

இது கால் நீளம் இல்லை, சாய்வு. பெரும்பாலான எஞ்சின்கள் பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்த பலகைக்கென்று, 12 முதல் 15 பாகை வரை, செய்யப்பட்டவை. நம் மரப்படகுகளில் நேராக நிற்கும் பலகையும் உண்டு. ஓடும்போது பிளேட் படகின் அடிக்கு இணையாக இருக்க வேண்டும். கிளாம்பில் உள்ள பின்னை ஒரு துளை மாற்றிப் பாருங்கள், போதாவிட்டால் ஆப்பு வடிவத்தில் ஒரு கட்டை செதுக்கிப் பலகைக்கும் கிளாம்புக்கும் நடுவில் வையுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் சக்தி இல்லை

மேலே சொன்ன குழப்பம் இதுதான். கடல்மட்டத்திலிருந்து உயரம் கூடக் கூடக் காற்று மெலியும், ஒவ்வொரு 1,000 அடிக்கும் எஞ்சின் சுமார் 3 சதவீதம் பலத்தை இழக்கும். காசல்ரீ கிட்டத்தட்ட 1,100 மீட்டர், அங்கே பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். நுவரெலியா கிரகரி வாவி 1,870 மீட்டரை ஒட்டியது, அங்கே ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டே. கடற்கரையில் 8 குதிரைச் சக்தியாக இழுத்த எஞ்சின் நுவரெலியாவில் ஆறரைதான். விக்டோரியா நீர்த்தேக்கம் 440 மீட்டர் போலத்தான், அங்கே ஓடிய எஞ்சினை மேலே கொண்டுவந்தால் வித்தியாசம் கையில் தெரியும்.

கால் நீளக் கோளாறையும் இதையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். குட்டைக் காலில் எஞ்சின் வேகமாகச் சுற்றும், படகு போகாது. உயரக் கோளாறில் எஞ்சினே முழு வேகத்துக்கு ஏறாது, முக்கித் திணறும், நுரையும் இருக்காது. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும், காற்றுக் குறைந்து பெட்ரோல் கூடிப்போனதன் அடையாளம். காபரேட்டர் ஊசியைச் சற்று மூடலாம், ஆனால் கால்வாசித் திருப்பம், கால்வாசித் திருப்பமாக, பாரத்தோடு ஓட்டிப் பார்த்துத்தான். அதிகம் மூடினால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெயும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கீழே இறங்கி ஓட்டுவதாக இருந்தால் ஊசியைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள். அப்புறம் புரொப்பெலரின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம், ஒரு அங்குலம் குறைந்ததைப் போட்டால் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 200 சுற்றுக் கூடுதலாக ஏறும். மலையில் வருஷம் முழுக்க ஓடும் படகுக்கு இதுதான் சரியான வழி என்பது என் அபிப்பிராயம்.

சூடாகிறது, தண்ணீர் வெளியே வரவில்லை

காலில் தண்ணீர் உறிஞ்சும் துளை ஓடும்போது தண்ணீருக்கு மேலே வருகிறதா என்று பாருங்கள், குட்டைக் காலில் அது நடக்கும். கரையில் ஒரு பீப்பாயில் பிளேட் முழுகும்வரை தண்ணீர் விட்டு ஓட்டுங்கள். பீப்பாயில் தண்ணீர் வந்து, படகில் வராவிட்டால் எஞ்சின் மாட்டியிருக்கும் உயரம்தான் காரணம். பீப்பாயிலும் வராவிட்டால் தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லர் ரப்பர் செத்திருக்கும், அல்லது கடலில் ஓடிய எஞ்சினென்றால் உள்ளே உப்பு அடைத்திருக்கும்.

கிளாம்ப் தளர்கிறது

பலகை மெலிந்ததா, உளுத்ததா என்று பாருங்கள். மெல்லிய ஸ்க்ரூடிரைவரை பலகைத் தலையிலும் போல்ட் துளையைச் சுற்றியும் அழுத்துங்கள், உள்ளே இறங்கினால் அந்த மரத்தில் எஞ்சினை மாட்டாதீர்கள். பட்டறையில் காய்ந்து கிடந்த படகு தண்ணீரில் சில வாரம் ஊறியபின் கனத்துக் கொஞ்சம் அமுங்கும், பலகையும் உப்பும், அதனால் அளவையும் கிளாம்பையும் ஊறியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள். எஞ்சினிலிருந்து படகின் உள்ளே உறுதியான ஒரு வளையத்துக்குச் சங்கிலி போடுங்கள், கயிறு வேண்டாம். ஓட்டிப் பார்க்கும்போது ஹேண்டிலைப் பிடிக்க ஒருவர், பின்னால் நுரையைப் பார்க்க இன்னொருவர், இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு.